இடப்பக்கத்தைக் கொம்மா பார்க்கிறா

உடையார்கட்டு,
20 மாசி 2025.

அன்பு மகள் தேனுகாவுக்கு அப்பா எழுதுவது,

நீயும் மருமகன் ரஜிதனும் சின்னவளும் அந்தக் கனடாப் பனிக்குள் விறைத்துப் போகாமல் சுகமாக இருக்க எங்கள் வாசல் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் கொம்மாவும் ஒன்பது கோழிகளும் ஒரு சேவலும் சுகம். முதலில் அந்தச் சேவலைப் பற்றிச் சொல்லவேண்டும், அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கார்த்திகை மாதத்தில் இருந்து நீ போன் எடுக்கிறபோதெல்லாம் நான் ஹயர் ஓட்டத்தில் நிற்கிறேன், பரந்தன் சந்தியில் நிற்கிறேன், விசுவமடு தாண்டிவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அதெல்லாம் பொய். நான் எங்கள் வளவுக்குள் வேப்பமரத்துக்குக் கீழே நிற்பாட்டின காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். நீ நம்பவேண்டும் என்று எஞ்சினையும் ஸ்ராட் பண்ணிவைப்பேன், இடைக்கிடை பாம் பாம் என்று கோணும் அடிப்பேன். ஒருநாள் தருமபுரத்தில் நிற்கிறேன் என்று சொல்லி வாய் மூட முதல் சேவல் கூவிவிட்டது, நீ, "என்னப்பா, சேவலும் காருக்குள்ளயோ" என்று கேட்டாய். ஓம் பிள்ளை, இண்டைக்குச் சேவலுக்குத்தான் ஹயர், கிளிநொச்சிக்குப் பொம்பிளை பாக்கப் போகுது என்று சொன்னேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கொம்மா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்கவேண்டும். ஐம்பத்தைந்து வயது மனிசன் நின்ற காருக்குள் இருந்து கோண் அடிக்கிறான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதைப் போனில் சொல்லமுடியாது. போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் பகிடி விடுவேன், பகிடி விட்டால் சொல்லவந்தது போய்விடும். கடதாசி குறுக்கே கதைக்காது, அதனால்தான் கடிதம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனின் எழுத்து, வரி மேலேயும் கீழேயும் போகும், பொறுத்துக்கொள். இன்னொன்று, போன கிழமை நீ லைசென்ஸ் எடுத்த படத்தை அனுப்பிவிட்டு, அப்பா எனக்கு இன்னும் பயம் போகவில்லை, நீங்கள் எப்படி அவ்வளவு ஆறுதலாகக் கார் ஓடுவீர்கள், எனக்கு எழுதித் தாருங்கோ என்று கேட்டாய். இரண்டு தரம் பெயில் விட்டு மூன்றாம் தரம் எடுத்தாயாம். அதில் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் இருந்து பழக்கினது ரஜிதன் என்றால் மூன்றாம் தரத்தில் எடுத்ததே பெரிய காரியம். எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு அதுதான், அதையும் கேட்க ஆள் வந்த நேரத்தைப் பார்.

நீ சின்னவளை முதன்முதல் கையில் வாங்கின படம் எங்கள் அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. அதில் உன் தோள் இரண்டும் காதுவரை ஏறி நிற்கிறது, கார் ஓடும்போதும் நீ அப்படித்தான் இருப்பாய் என்று எனக்கு இங்கே இருந்தே தெரியும். தோளை விழவிடு. ஏறுவதற்கு முதல் காரை ஒருதரம் சுற்றி நடந்து வா, குனிந்து அடியில் பார், பொனற்றில் கையால் இரண்டு தட்டுத் தட்டு. இங்கே என்றால் நாயும் கோழிக்குஞ்சும் நிழலுக்குப் படுக்கும், அங்கே என்ன படுக்குமோ தெரியாது, பனிக்குள் படுக்கிற பூனை ஒன்றாவது இருக்கும். அந்தச் சுற்று நாய்க்காக மட்டும் இல்லை. வீட்டுக்குள் கொம்மாவோடு பிடித்த சண்டையை நான் அந்த நாலு ரயருக்குப் பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவைத்துவிட்டுத்தான் ஏறுவேன், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போகாது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓடுவேன் என்பது உனக்குத் தெரியும். வெறுங்காலுக்குத்தான் பிறேக் சொல்லுவது கேட்கும், தேய்ந்திருந்தால் முதலில் அது காலுக்குத்தான் சொல்லும். நீ அங்கே முழங்கால்வரை சப்பாத்துப் போடுவாய், அதற்கு நான் ஒன்றும் செய்யமுடியாது. பாட்டுப் போடாதே, ரயரின் சத்தம் கேட்கவேண்டும், தார் றோட்டில் ஒரு சத்தம், கிரவலில் ஒரு சத்தம், மழைத் தண்ணியில் ஒரு சத்தம். ஏறின ஆட்கள் கதைத்தால் ஓம் என்று மட்டும் சொல்லு, நான் இருபது வருசமாக எல்லோருக்கும் ஓம் சொல்லி நல்ல மனிசன் என்று பெயர் எடுத்திருக்கிறேன், அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு ஒருநாளும் தெரியாது.

பயம் போக ஒரு வழிதான் எனக்குத் தெரியும், அதைச் சொன்னால் சிரிப்பாய், சிரி. கண்ணில் படுகிற ஒவ்வொன்றையும் வாய்க்குள் பெயர் சொல்லிக்கொண்டு ஓடுவேன். மாடு. சைக்கிள். பள்ளம். மயில். பள்ளிக்கூடப் பிள்ளை, இரண்டு. நாய், கிடக்கிறது. நாய், எழும்புகிறது. பெயர் சொன்ன பிறகு அது என்னைத் திடுக்கிட வைக்காது. அதோடு பெயர் சொல்லுகிற வாய்க்கு வேறு வேலை இல்லை, மண்டைக்கும் வேறு இடம் இல்லை. மற்ற நேரமெல்லாம் என் தலைக்குள் புதுக்குடியிருப்புச் சந்தைபோல ஒரே இரைச்சல், செத்தவர்களும் வந்து கதைப்பார்கள், வராதவர்களும் வந்து கதைப்பார்கள். ஸ்ரேறிங்கைப் பிடித்து மாடு சைக்கிள் பள்ளம் என்று தொடங்கினால் பத்து நிமிசத்தில் சந்தை கலைந்துவிடும். விடிய ஐந்து மணிக்கு மூடுபனிக்குள் பரந்தன் றோட்டில் முப்பதில் போகிறபோது, வெளிச்சம் விழுகிற அந்த நாலு மீற்றர் இடத்தில் என்ன வருகிறதோ அதுதான் உலகம், அதற்கு அங்காலே ஒன்றும் இல்லை, எனக்கு ஒரு கவலையும் இல்லை. கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறபோதுகூட அது எனக்கு வந்ததில்லை, கண்ணைத் திறந்து வைத்திருந்தால்தான் வரும். இந்த மாசியில் அரைவாசி றோட்டுக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள், விளிம்பில் கல்லும் குழையும் வைத்திருக்கும், அந்த இடத்தில் கோண் அடிக்காமல் நிற்பாட்டி, எதிரில் வருகிறவனை விட்டுவிட்டு, நெல்லில் ஒரு மணிகூட ரயரில் படாமல் ஊர்ந்து போகவேண்டும். காலால் நெல் துழாவுகிற மனிசி ஒரு கையை உயர்த்துவா. அந்தக் கைக்காகவே நான் ஊர்ந்திருக்கிறேன். இதே றோட்டில் யுத்தத்துக்குள் இடம்பெயர்ந்து நீ பதினொரு வயதில் தலையில் சட்டி முட்டியோடு எங்களோடு நடந்தாய், அப்போது நாங்கள் போன வேகமும் அநேகமாக இதுதான். பின்னால் ஒன்றும் கலைத்துக்கொண்டு வராமல் அந்த றோட்டில் மெதுவாகப் போவது எனக்கு எவ்வளவு சுகம் என்று ஏறின ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. சிலர் அண்ணை கொஞ்சம் மிதியுங்கோ என்பார்கள். ஓம் என்பேன்.

இனிக் கொம்மாவின் கதைக்கு வருகிறேன். அவா எப்போதும் முன்சீற்றில் இடப்பக்கம் இருப்பா என்பது உனக்குத் தெரியும். என் முணுமுணுப்பைக் கேட்டு, இந்த மனிசன் தேவாரம் பாடமாக்காமல் மாட்டைப் பாடமாக்குது என்று இருபது வருசமாக நக்கல் அடித்தவா. போன ஆடியில் ஒருநாள் விசுவமடுவுக்குக் கிட்ட அவா திடீரென்று, "சைக்கிள்" என்றா. பார்த்தால் இடப்பக்கம் ஒரு பெடியன் சைக்கிளில் போகிறான், நான் அவனைச் சொல்லியிருக்கவில்லை. கொம்மாவுக்கும் தொற்றிவிட்டது என்று நான் பகிடி பண்ணினேன். பிறகு நாயைச் சொன்னா, மதகைச் சொன்னா, வேலியோரம் நின்ற கன்றைச் சொன்னா. நான் வலப்பக்கம் சொல்ல அவா இடப்பக்கம் சொல்ல, இரண்டு பேரும் பஜனை போல மூன்று மாதம் ஓடினோம். நல்ல சந்தோசமாக இருந்தது பிள்ளை, உண்மையாகவே. அவா சொல்லுகிறவை எல்லாம் இடப்பக்கத்தில்தான் இருக்கின்றன என்பதை நான் யோசிக்கவில்லை. அவா யோசித்திருக்கிறா, அதனால்தான் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தா.

ஐப்பசியில் வவுனியாவில் பத்மாசனி மாமியைப் பார்த்துவிட்டு வந்தோம். முறிகண்டிக் கோயிலில் நிற்பாட்டாமல் ஒரு வாகனமும் போகாது, நானும் போனதில்லை, பஸ்சும் லொறியும் கச்சான் கடலைக் கடைகளும் கற்பூரப் புகையுமாக அந்த இடத்தைக் குருடனுக்குக்கூட மூக்கே காட்டிக்கொடுக்கும். நான் மாடு, லொறி, மாடு என்று சொல்லிக்கொண்டு நாற்பதில் போகிறேன். கொம்மா மாட்டையும் மதகையும் சொல்லுகிற அதே குரலில், "பிள்ளையார்" என்றா. நான் பிறேக் பிடிக்க ஐம்பது மீற்றர் தாண்டிவிட்டது. பிறகு அவா இறங்கிப் பின்னால் நடந்துபோய்க் கும்பிட்டு, திருநீறும் கச்சானும் கொண்டுவந்து, எனக்குப் பூசிவிட்டு, கச்சானை உடைத்து உடைத்து என் கைக்குள் வைத்தா. நான் அன்றைக்கு ஒரு பகிடியும் விடவில்லை. பை முடிகிறபோது அவா, "இஞ்சருங்கோ, இனி ஓடுறதை விடுவம்" என்றா. அவ்வளவுதான் கதைத்தது.

கண் கிளினிக்கில் இருந்த டாக்குத்தர் பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். இடக்கண்ணில் அநேகமாக ஒன்றும் இல்லையாம், வலக்கண்ணும் பக்கங்கள் சுருங்கிக் குழாய்க்குள்ளால் பார்க்கிறதுபோல வந்துகொண்டிருக்கிறதாம், நோகாமலே வருகிற வருத்தமாம், அதனால்தான் தெரியவில்லையாம். "ஐயா, போனது திரும்பி வராது, இருக்கிறதைக் கொஞ்சக் காலம் பிடிச்சு வைச்சிருப்பம்" என்று நல்ல மரியாதையாகச் சொன்னா. கொஞ்சம் எண்டால் எவ்வளவு பிள்ளை என்று கேட்டேன். ஒரு வருசம், பார்த்துப் பிடித்தால் ஒன்றரை என்றா. சொட்டு மருந்து தந்தா, காலையும் மாலையும் கொம்மா விடுகிறா, அவா கண்ணைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விடுகிறா. ஒப்பரேசன் இல்லையோ, கொழும்புக்குப் போனால் என்ன, இந்தியாவுக்குப் போனால் என்ன என்று நீ கேட்பாய் என்று தெரியும், அதெல்லாம் கொம்மா கேட்டுவிட்டா. எங்கே போனாலும் போனது வராதாம். ஆகையால் ஒழுங்கு பண்ணுகிறேன் அப்பா என்று தொடங்காதே.

அதுக்குப் பிறகும் நான் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகையில் லைசென்ஸ் முடிந்தது, புதுப்பிக்க மெடிக்கல் எடுக்கவேண்டியிருந்தது. கதவு நீக்கலுக்குள்ளால் எனக்கு முன்னால் போனவன் சுவரில் இருந்த எழுத்துகளைச் சத்தமாக வாசித்தது கேட்டது, நான் கதிரையில் இருந்தே அவ்வளவையும் பாடமாக்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டுக்கூடப் பாடமாக்காதவன். என் முறை வந்ததும் உள்ளே போய் நின்று ஒரு பிழையும் இல்லாமல் மளமளவென்று ஒப்புவித்தேன். டாக்குத்தர் பேனையை வைத்துவிட்டு, "ஐயா, நான் இன்னும் தொடங்கேல்லை, நீங்கள் பார்த்துக்கொண்டு நிக்கிறது கலண்டர்" என்றார். கொம்மா வெளியில் நின்று கேட்டுக்கொண்டு நின்றா. வருகிற வழியில் பஸ்சுக்குள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கொண்டக்டர் மிச்சக் காசு தர மறந்துவிட்டான். வீட்டுக்கு வந்து காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன், நீ போன் எடுத்தாய், பரந்தனில் நிற்கிறேன் என்று சொன்னேன். அப்படித்தான் அது தொடங்கியது.

உண்மையில் சொல்லவேண்டியது இதுதான். நீ போன அன்று கட்டுநாயக்கா எயாப்போட்டில் உன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, நீ திரும்பி வரேக்க நான்தான் வந்து ஏத்துவன், வேறை ஒருத்தற்றை வாகனத்திலயும் ஏறாதை என்று சொன்னேன். அதை நீ சின்னவளுக்கும் சொல்லிவைத்திருக்கிறாய், அவள் போனில் தாத்தா கார், தாத்தா கார் என்கிறாள். தையில் நீ எடுத்து, ரஜிதனின் விசா அலுவல் முடிய 2027 ஆகும், அதுக்கு முதல் வெளிக்கிட முடியாது அப்பா என்று சொல்லி அழுதாய். உன்னில் பிழை இல்லை, அவனிலும் இல்லை, அங்கே யாரோ ஒருவரின் மேசையில் உங்கள் கடதாசி கிடக்கிறது, அது நகருகிறபோதுதான் நகரும். டாக்குத்தர் சொன்ன வருசத்தையும் நீ சொன்ன வருசத்தையும் நான் வைத்துப் பார்த்தேன். நீ கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் இந்தக் கணக்கைச் செய்யாதே, நான் செய்துவிட்டேன், எத்தனை தரம் செய்தாலும் ஒரே விடைதான். ஆகையால் நான் உன்னை ஏற்ற வரமாட்டேன் பிள்ளை. வருவேன், ஆனால் ஓடிக்கொண்டு வரமாட்டேன்.

காரை நாயாற்றில் கருவாடு விற்கிற இராயப்பரின் மகன் யதுசனுக்குக் கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எடுப்பான். நல்ல பெடியன், இனி அந்தக் காரில் என்ன ஏறினாலும் கருவாட்டு மணம்தான். இந்தச் சுற்றி நடக்கிறதும் பெயர் சொல்லுகிறதும் எல்லாம் அவனுக்கு ஒரு மணித்தியாலம் சொன்னேன், போனைப் பார்த்துக்கொண்டே ஓம் அங்கிள், ஓம் அங்கிள் என்றான், என்னைப் போலவே ஓம் சொல்லப் பழகியிருக்கிறான், அதனால் ஒன்றும் ஏறவில்லை என்று விளங்கியது. வேதக்காரன் என்றாலும் முறிகண்டியில் நிற்பாட்டுவான், கச்சானுக்காக. நீ வருகிற நாளில் அவனே கொண்டுவருவான், மறுக்காமல் ஏறு. முன்சீற்றில் இடப்பக்கம் நான் இருப்பேன், கொம்மா பின்னால் இருப்பா, இரண்டு பேருக்கும் ஒரு வேலையும் இருக்காது. நீ வெளியில் வருகிறபோது பக்கத்தால் ஓடிவந்து கட்டிப்பிடிக்காதே, யாரோ என்று நினைத்து ஏதாவது பகிடி விட்டுவிடுவேன். நேராக என் முன்னால் வந்து நில், சின்னவளையும் நேராகத் தூக்கிப் பிடி. அதற்குள் நேர்ப் பார்வையும் போயிருந்தால் பரவாயில்லை, கொம்மா பக்கத்தில் நிற்பா. மாடு, சைக்கிள், பிள்ளையார் என்று சொன்ன குரலில் மகள் என்று சொல்லுவா, பேத்தி என்று சொல்லுவா, நான் ஓம் என்பேன்.

நீ மட்டும் ஓடுவதை விடாதே. ஊரில் இருக்கிற நேரத்தைவிட றோட்டில்தான் நான் நல்ல மனிசனாக இருந்திருக்கிறேன், அது உனக்கும் வரட்டும். அங்கே நீ இடப்பக்கம் இருந்து ஓடுகிறாயாம், அப்படி என்றால் வலப்பக்கத்தை மறந்துவிடாதே, ரஜிதன் நித்திரை கொள்ளுவான், அவனை நம்பாதே. வருசத்துக்கு ஒருதரம் கண்ணைக் காட்டு, இது பரம்பரையாலும் வருமாம், டாக்குத்தர் பிள்ளை உனக்குக் கட்டாயம் சொல்லச் சொன்னா. இந்தக் கடிதத்தில் நீ செய்யவேண்டியது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் கதை. சின்னவளின் படத்தைப் பெரிதாக, முகம் மட்டும், நேராகப் பார்க்கிறதாக எடுத்து அனுப்பு. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், வழுக்காத றோட்டில், முன்னாலும் பின்னாலும் ஒன்றும் முட்டாமல் நீண்ட காலம் வாழவேண்டும் என்று வாழ்த்துகிறேன். கொம்மா தனியாக எழுதமாட்டாவாம், இதில் இருக்கிற பொய்களை மட்டும் வெட்டச் சொன்னா, வெட்டினால் சேவல் மட்டும்தான் மிஞ்சும் என்று சொன்னேன்.

என்றும் உன் அன்பு அப்பா,
க. கதிர்காமநாதன்

பி.கு: ஒட்டின கடிதத்தை உடைத்து இதை எழுதுகிறேன். பற்றறி இறங்காமல் இருக்க நாளுக்கு ஒருதரம் காரை வளவுக்குள் பத்தடி முன்னுக்கும் பத்தடி பின்னுக்கும் எடுக்கிறனான், கொம்மா இடப்பக்கம் இருப்பா. இன்று காலை எடுக்கிறபோது கொம்மா சைக்கிள் என்றா. நான் ஓம் என்றேன். அது தபால்காரரின் சைக்கிள். முன் சில்லு வளைந்துவிட்டது, காருக்கு ஒன்றும் இல்லை. அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தோம், குடித்துவிட்டுச் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து போனார். கடிதத்தையும் கொண்டுபோகச் சொல்லிக் கேட்டேன், கை இல்லை என்றார். ஆகையால் இது கொஞ்சம் பிந்திக் கிடைக்கும்.